கவலை போய் கரண்ட் வந்த ஊர் இது: கோவை ஜாப் ஒர்க் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, சின்னவேடம்பட்டி என்று லேத் சத்தம் கேட்கிற இடமெல்லாம் இருக்கிற அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

கம்பெனிகளுக்குச் சாமான் கடைந்து கொடுக்கும் நானும் உங்களில் ஒருவன்தான். கணபதியில் நான்கு லேத், ஒரு மில்லிங், கடனில் வாங்கிய ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மிஷின்), ஆறு ஆட்கள் என்று 22 வருடமாகப் பட்டறை ஓட்டுகிறேன். பாதி வேலை பம்பு ஷாஃப்ட், மீதி வேலை இரண்டு சக்கர வண்டிகளின் எஞ்சின் சாமான். அதனால் இப்போது எழுதப்போவது எனக்கும் பொருந்தும்.

போன மாதம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது நம்மில் ஒருவர் சொன்னார்: "எலக்ட்ரிக் வண்டி வந்துட்டா பிஸ்டன் இல்ல, வால்வு இல்ல, கியர் பாக்ஸ் இல்ல. நமக்கு என்னங்க மிச்சம்? மிஷினை வித்துப்போட்டு இடத்தை குடோனுக்கு வாடகைக்கு விட்டா நிம்மதியாப் போகுது." சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தோம். அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் தாத்தாவின் தோட்டம் அன்னூர் பக்கம். கிணற்றில் எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிய காலம் அது. ஒரு ஜோடி எருது, தண்ணீர் அள்ளும் இரும்புச் சால், அதன் அடியில் தண்ணீரைக் கொட்டும் தோல் குழாயான தும்பி, மேலே உருளை, வடக்கயிறு, வால்கயிறு. விடிகாலை மூன்று மணிக்கு எருதைப் பூட்டினால் வெயில் ஏறும்வரை முன்னும் பின்னும் நடக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இறைத்தாலும் அரை ஏக்கர் நனைவது பெரிய காரியம் என்று அப்பா சொல்வார். இந்தக் கவலையை நம்பி ஒரு கூட்டமே பிழைத்தது. தும்பி தைத்தவர்கள், வடம் திரித்தவர்கள், உருளை கடைந்த ஆசாரிகள், சால் அடித்த கொல்லர்கள்.

பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் ஓட ஆரம்பித்தது. நீலகிரியில் இருந்து அந்தக் கரண்ட் கீழே இறங்கி வந்த பிறகு இந்த ஊரே மாறிப்போனது. அதற்கு முன்னால் இங்கே மில் இல்லாமல் இல்லை. ஸ்டேன்ஸ் மில் 1888இலேயே வந்துவிட்டது. ஆனால் மில்கள் வரிசையாக முளைத்தது பைகாரா கரண்டுக்கு அப்புறம்தான். அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் எழுந்த மில்களும் சங்குச் சத்தமும், கிராமத்தில் இருந்து ஷிப்டுக்கு வந்த ஆட்களும் நம் அப்பாக்களும் எல்லாம் அதன் பின்னால் வந்தவை. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து பீளமேட்டில் மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறோம். 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். தினமும் அதன் மேல் போய் வருகிற நாம், அவர் செய்த மோட்டாரால்தான் நம் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதையும் நினைக்க வேண்டும். மோட்டார் வந்ததால் பம்பு வந்தது. பம்புக்காக இரும்பு வார்க்கும் பவுண்டரி, பவுண்டரிக்காக வார்ப்பு அச்சான பேட்டர்ன், அதற்கெல்லாம் லேத் என்று வந்ததுதான் நம் தொழில். இன்று நாட்டில் ஓடும் பம்புகளில் ஏறக்குறைய பாதி கோவையில் செய்தவை என்பார்கள்.

இந்தக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். விழாக்களில் பெருமையாகப் பேசுகிறோம். பேசாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தத் தும்பி தைத்தவர்கள் என்ன ஆனார்கள்? வடம் திரித்தவர்கள்? ஆசாரிகளிலும் கொல்லர்களிலும் சிலர் பவுண்டரிக்குப் போனார்கள், பேட்டர்ன் செய்யக் கற்றுக்கொண்டார்கள். நம்மில் பலர் அந்தக் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். மற்றவர்களைக் கூப்பிட்டு, "இதோ புது வேலை, வந்து கற்றுக்கொள்" என்று யாரும் சொல்லவில்லை. ஊர் வளர்ந்தது, அவர்கள் காணாமல் போனார்கள். இன்றைக்கு எஞ்சின் சாமான் கடையும் நாம்தான் அந்தத் தும்பிக்காரர்கள். மோட்டார் கடையத் தெரிந்தவர்களும் நாமேதான். இப்படி ஒரு வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

சும்மா ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வைண்டிங் மேஸ்திரி இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருடமாக சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஒரு பையன் தன் மின் ஸ்கூட்டரின் பின் சக்கரத்தை, அதாவது மோட்டாரை, என் பட்டறைக்குக் கொண்டுவந்தான். பேரிங் போய் சத்தம் வந்துகொண்டிருந்தது. பக்கவாட்டு மூடியின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டோம், ஆனால் கையால் இழுத்தால் அசையவே இல்லை. உள்ளே காந்தம் அவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது. புல்லர் போட்டு மெதுவாக வாங்கினோம். பக்கத்தில் வைத்த ஸ்பேனர் தானாக நகர்ந்து ஒட்டிக்கொண்டது. திறந்து பார்த்தால் நடுவில் அச்சோடு சேர்ந்து சுற்றாமல் நிற்கும் ஸ்டேட்டர், ஒவ்வொரு பல்லிலும் பல இழை சேர்த்துச் சுற்றிய செம்பு, வெளி வளையத்தின் உட்புறம் முழுக்க வரிசையாக ஒட்டிய காந்தக் கட்டிகள், ஓரத்தில் அரிசி அளவு மூன்று சென்சார்.

மேஸ்திரி கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நம்ம மோட்டாரை உள்ளதை வெளியே, வெளியதை உள்ளே திருப்பிப் போட்டிருக்கறாங்க. அவ்வளவுதானுங்க. சீலிங் ஃபேன் இப்படித்தானே சுத்துது?"

அவர் சொன்னது சரி. பம்பு மோட்டாரில் ஸ்டேட்டர் வெளியே நிற்கும், ரோட்டார் உள்ளே சுற்றும். இதில் ஸ்டேட்டர் உள்ளே நிற்கிறது, வெளி வளையம் சக்கரத்தோடு சுற்றுகிறது. சென்சாரும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரும் புதுசுதான், அதைப் படிக்க வேண்டும். மற்றபடி தகடு, செம்பு, வார்னிஷ், பேரிங், ஷாஃப்ட், அலுமினிய மூடி எல்லாம் நமக்குப் பழகியவை. அன்று பேரிங் மாற்றி, ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தை அளவு பார்த்துச் சரிசெய்து கொடுத்தோம். அதன் பிறகு அந்தப் பையன் தன் நண்பர்கள் நான்கு பேரை அனுப்பினான். இப்போது ஒரு சிறிய வண்டிக் கம்பெனிக்கு மோட்டார் மூடி கடைந்து தருகிறேன். மாதத்துக்கு முந்நூறு மூடிதான். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் அது பூஜ்யம்.

கார்புரேட்டரை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்ததும் புது பைக்குகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய், சென்சார் வைத்துப் பெட்ரோலைத் தெளிக்கும் எஃப்ஐ வந்துவிட்டது. அப்போதும் "மெக்கானிக் எல்லாம் கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்றோம். இன்று அதே மெக்கானிக்குகள் கையில் ஸ்கேனரோடு நிற்கிறார்கள். ஓர் இழை ஒயரைக்கூடத் தொடப் பயந்தவர்கள் சென்சார் மாற்றுகிறார்கள்.

இனி கணக்கு. நான் மின் ஸ்கூட்டர் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. கணபதிக்கும் குறிச்சிக்கும் பொருள் கொண்டுபோய்க் கொடுக்க தினமும் ஓடுகிற வண்டி. 100 கிலோமீட்டர் போக எனக்கு மூன்று, மூன்றரை யூனிட் கரண்ட் ஆகிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் முப்பது ரூபாய்க்குள். பெட்ரோல் ஸ்கூட்டரில் அதே தூரத்துக்கு இரண்டு லிட்டர், 200 ரூபாய்க்கு மேல். ஒரு டெலிவரிப் பையனுக்கும் ஆட்டோ அண்ணனுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். நாட்டில் இப்போது விற்கிற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சார வண்டிகள். யாரும் பிரச்சாரம் செய்து அவர்களை வாங்க வைக்கவில்லை. சாயங்காலம் பையில் மிஞ்சும் காசைப் பார்த்து வாங்கினார்கள்.

அந்த 200 ரூபாய் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியில் இருந்து வருகிறது. நாம் பங்கில் கொடுக்கும் காசில் வரி போக மீதியில் பெரும்பகுதி கப்பலேறிவிடும். மின் வண்டியின் கரண்டுக்குக் கொடுக்கும் காசு பல்லடம் பக்கத்துக் காற்றாலைக்குப் போகும், லைன் இழுக்கிற ஆளுக்குப் போகும், மொட்டை மாடியில் பேனல் மாட்டுகிற பையனுக்குப் போகும். அந்தப் பையன் நம் தெருக் கடையில் சாமான் வாங்குவான். பொருளாதாரம் மாறுவது என்று பெரியவர்கள் பேசுவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

"அந்தக் கரண்டே கரியில் இருந்துதானே வருகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரிதான். ஆனால் பெட்ரோல் எஞ்சின் தன் எரிபொருளில் முக்கால் பங்கைச் சூடாகவே வீணாக்குகிறது என்பது எஞ்சின் சாமான் செய்கிற நமக்கே தெரியும். மோட்டாரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சக்கரத்துக்கு வரும். தவிர, பெட்ரோல் வண்டி வாங்கிய நாளில் இருந்து கடைசிவரை பெட்ரோல் வண்டிதான். மின் வண்டி அப்படி இல்லை. கரண்ட் சுத்தமாக ஆக ஆக, பழைய வண்டியும் தானாகச் சுத்தமாகிவிடும். 2025 நடுவில் நாட்டின் மின்நிலையங்களின் திறனில் பாதி கரி, எரிவாயு அல்லாதவை என்ற நிலைக்கு வந்துவிட்டோம். 2030இல் எட்ட வேண்டும் என்று வைத்த இலக்கு அது.

நம் பக்கம் இதில் யாருக்கும் குறைந்ததில்லை. ஆடி மாதத்தில் உடுமலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? பூளவாடி, குடிமங்கலம் சாலையில் வண்டி ஓட்டினால் காற்று ஆளையே ஓரமாகத் தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றைப் பிடிக்க மில்காரர்கள் 1990களிலேயே காற்றாலை நட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. ஒரு காலத்தில் நாம்தான் முதலிடம். இப்போது குஜராத் முந்திவிட்டது. அதை மறுபடி பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

போன ஆடியில் அந்தச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவ்வளவு காற்றிலும் சில காற்றாலைகள் இறக்கையைத் திருப்பிக்கொண்டு சும்மா நின்றன. பழுதாகக்கூட இருக்கலாம். ஆனால் காற்று அதிகமாகி, கரண்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது நிறுத்தச் சொல்வதும் உண்டு. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த நேரத்தில் கோவையிலும் திருப்பூரிலும் ஒரு லட்சம் வண்டி சார்ஜில் நின்றால் அந்தக் காற்று ஏன் வீணாகப் போக வேண்டும்?

கரண்டைச் சேர்த்து வைப்பதும் நமக்குப் புதிதில்லை. ஆழியாறு மலைக்குள் குடைந்து கட்டிய கடம்பாறை நிலையம் 1980களின் கடைசியில் இருந்து அதைத்தான் செய்கிறது. மிச்சமான கரண்டில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவது, தேவைப்படும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் எடுப்பது. மலை உயரத்துக்கு ஒரு பேட்டரி. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சின்ன பேட்டரியும் மலிவாகிவிட்டது. ஒரு யூனிட் கரண்டைப் பிடித்து வைக்கும் லித்தியம் பேட்டரி 2010இல் ஆயிரம் டாலருக்கு மேல். 2024இல் 115 டாலர். நம் தொழிலில் எந்தச் சாமானாவது இப்படி விலை இறங்கியதை நான் பார்த்ததில்லை.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ராணிப்பேட்டையிலும் மின் ஸ்கூட்டர் செய்கிறார்கள். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறந்தாகிவிட்டது. சென்னையில் மின்சாரப் பேருந்து ஓடுகிறது. இவ்வளவும் நம்மைச் சுற்றி நடக்கிறது. ஆம்பியர் ஸ்கூட்டர் 2008இல் பிறந்ததே நம் கோவையில்தான், நினைவிருக்கிறதா? அன்று அந்த வண்டியைப் பார்த்து "பொம்மை வண்டி" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அது தப்பு.

இதில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பேட்டரிக்குள் இருக்கும் செல்லில் பெரும்பகுதி இன்னும் சீனாவில் இருந்து வருகிறது. காந்தமும் அப்படியே. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்த ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் இங்கே வண்டிக் கம்பெனிகள் திண்டாடின. ஆனால் அந்தத் திண்டாட்டத்தில் நமக்கு ஒரு வழி திறக்கிறது. காந்தமே வேண்டாத ரிலக்டன்ஸ் மோட்டார் இருக்கிறது. தகடும் செம்பும் மட்டும்தான். சிக்கல் எங்கே என்றால், ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகக் குறைவாக, சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இரையும், அதிரும். இடைவெளி பிசகாமல் கடைவதற்கு நம்மைவிட ஆள் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

கட்டணப் பிரச்சினையும் உண்டு. 2022இல் மின்கட்டணம் ஏறியதில் இருந்து, மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கூடுதல் நிலைக்கட்டணம் கட்டுகிறோம். அதை எதிர்த்துப் போராடியது சரி, இன்னும் போராட வேண்டும். கூடவே கூரையையும் பாருங்கள். கணபதியில் மட்டும் எத்தனை ஆஸ்பெஸ்டாஸ், எத்தனை தகரக் கூரை சும்மா வெயிலில் காய்கிறது! நாம் மிஷின் ஓட்டுவதும் பகலில், வெயில் அடிப்பதும் பகலில். தனித்தனியாகப் போட முடியாதவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஓர் இடத்தில் சோலார் போட்டுப் பங்கிட்டுக்கொள்ளலாம். மில்காரர்கள் காற்றாலையில் செய்ததை நாம் சோலாரில் ஏன் செய்யக்கூடாது?

நம் சங்கங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பம்பைச் சோதிக்க ஒரு காலத்தில் எல்லோரும் சேர்ந்து சிடார்க் என்ற சோதனை மையத்துக்காக உழைத்தோம். அதனால்தான் சின்னப் பட்டறைக்காரனின் பம்புக்கும் முத்திரை கிடைத்தது. அதே மாதிரி வண்டி மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் ஒரு பொதுச் சோதனைக் கூடம் வேண்டும். மோட்டாரின் இழுவையை அளக்கும் டைனமோமீட்டர் ஒன்று தனியாக வாங்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. இருநூறு பேர் சேர்ந்தால் முடியும். அங்கேயே வாரம் இரண்டு நாள் சாயங்காலம் வகுப்பு நடக்கட்டும். நாற்பது வயதைத் தாண்டிய நம் ஆபரேட்டர்கள் கூச்சமில்லாமல் வந்து உட்காரும் வகுப்பாக, தமிழில் இருக்கட்டும்.

எஞ்சின் ஆர்டர் நாளைக்கே நிற்கப் போவதில்லை. பழைய வண்டிகள் இன்னும் பல வருடம் ஓடும், அதற்குச் சாமானும் வேண்டும். அந்த வருமானம் இருக்கும்போதே ஒரு மிஷினையாவது புது வேலைக்கு ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். உங்கள் பையன் டிப்ளமோ முடித்துவிட்டு வந்து நின்றால் "பட்டறைப் பக்கம் வராதே" என்று சொல்லாதீர்கள். கன்ட்ரோலர் புரோகிராம் அவனுக்குத் தெரியும், அளவு உங்களுக்குத் தெரியும். பெண் படித்திருந்தால் பெண்ணையும் கூப்பிடுங்கள். என் மகள்தான் என் பட்டறையில் இப்போது கன்ட்ரோலர் பார்க்கிறாள்.

அந்த டீக்கடையில் மிஷினை விற்பதாகச் சொன்ன அண்ணனுக்கு: இந்த மாதம் விற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் பட்டறைக்கு வாருங்கள், மற்றவர்களும் வாருங்கள். கணபதியில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மோட்டாரைப் பிரித்து பெஞ்சில் வைத்திருக்கிறேன். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் உங்களுடையதையே கொண்டுவந்து அளந்து பாருங்கள். மேஸ்திரி அந்த ஸ்டேட்டரைப் பார்த்துத் தானே புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார். பாதிப் பல்லுக்குக் காயில் ஏறிவிட்டது. ஞாயிறு மத்தியானத்துக்குள் முடித்து ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
கணபதியில் இருந்து உங்களில் ஒருவன்